கொம்பைக் கடைசியில் கேளுங்கள்

இலங்கையின் மழைக்காடுகளில் மூக்கு நுனியில் கொம்பு வைத்த ஓணான்கள் இருக்கின்றன. ஒன்றுக்குக் காண்டாமிருகக் கொம்பு மாதிரி, இன்னொன்றுக்குச் சின்ன இலையை ஒட்ட வைத்த மாதிரி. இவற்றின் படம் வாட்ஸப்பில் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது "கொல்லிமலையில் கண்டுபிடிக்கப்பட்ட அதிசயப் பல்லி" என்று எனக்கு வந்து சேரும். கொல்லிமலையிலும் கிடையாது, கொடைக்கானலிலும் கிடையாது. கெரட்டோஃபோரா என்ற இந்தப் பேரினம் இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை.

வதந்தியைத் திருத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்த ஓணான்களை இனம் காணும் முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. படம் பார்த்துப் பேர் சொல்லும் செயலி, ஆர்வலர்கள் கையில் வைத்திருக்கும் வழிகாட்டிப் புத்தகம், சுங்க அதிகாரிக்குக் கொடுக்கும் படத்தாள் என எதை எடுத்தாலும் முதலில் கொம்பைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். கண்ணில் முதலில் படுவது அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணில் படும் அம்சமும் முடிவு சொல்லும் அம்சமும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. கொம்பு கடைசிக் கேள்வியாக இருக்கவேண்டும் என்பது என் வாதம். கடைசியாகக் கேட்கும்போதும் அதைச் சரியான விதத்தில் கேட்கவேண்டும்.

நான் விலங்கியல் படித்தவன் இல்லை. பிஇ முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர். சேரப்பணஞ்சேரியில் வீடு, ஒரகடம் பக்கம் வேலை. கன்வேயரில் ஓடிவரும் உலோகப் பாகங்களைக் கேமரா பார்த்து "ஓகே", "என்ஜி" என்று பிரிக்கும் புரோகிராம்கள் எழுதுவது பிழைப்பு. என்ஜி என்றால் நாட் குட், தொழிற்சாலை பாஷை. ஒரு பொருளைப் பார்த்து இது எந்த வகை என்று முடிவு செய்வது எப்படி, அந்த முடிவு எங்கே சறுக்கும் என்பதுதான் தினமும் என் தலைவலி. அந்தக் கண்ணோடுதான் ஓணான் புத்தகங்களைப் படிக்கிறேன்.

பேர் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் லிசர்ட் என்ற ஒரே வார்த்தை எல்லாவற்றையும் மூடிவிடும். தமிழில் பல்லி வேறு, ஓணான் வேறு, அரணை வேறு, உடும்பு வேறு. இந்த நாலு வார்த்தையும் விலங்கியல்காரர்கள் பிரிக்கும் நாலு குடும்பங்களோடு அப்படியே பொருந்துகின்றன. புத்தகம் படிக்காத நம் பாட்டிகள் குடும்ப அளவிலான வகைப்பாட்டைச் சரியாகவே செய்து வைத்திருக்கிறார்கள். அதனால் "கொம்புப் பல்லி" என்று எழுதும்போதெல்லாம் கொஞ்சம் உறுத்துகிறது. இது ஓணான் குடும்பம். கொம்போணான் என்றே சொல்வோம்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். இந்தத் துறையில் எல்லோரும் தொட்டுக் கும்பிடும் நூல் மால்கம் ஸ்மித் எழுதியது. சயாம் அரச குடும்பத்துக்கு டாக்டராக இருந்தவர். ஓய்வு நேரத்தில் ஊர்வன பிடித்துப் பிடித்துக் கடைசியில் அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் என்ற பெரிய வரிசையில் இலங்கை, பர்மா உட்பட இந்தப் பகுதியின் ஊர்வன பற்றி அவர் மூன்று தொகுதிகள் எழுதினார்: 1931-ல் முதலை, ஆமை; 1935-ல் பல்லி, ஓணான் வகைகள்; 1943-ல் பாம்புகள். நான் பேசுவது 1935 தொகுதியை.

புரோகிராமர்களுக்கு அந்தப் புத்தகம் பிடிக்கும். காரணம் அதிலுள்ள "கீ". இனம் காணும் சாவி. ஒரு கேள்வி, ரெண்டு பதில். இந்தப் பதில் என்றால் இந்த வரிக்குப் போ, அந்தப் பதில் என்றால் அந்த வரிக்குப் போ. சுத்தமான இஃப்-எல்ஸ். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அச்சில் ஓடிய புரோகிராம். செவிப்பறை வெளியே தெரிகிறதா, தோலுக்குள் மறைந்திருக்கிறதா? செதில்கள் ஒரே அளவா, பெரிசும் சிறிசும் கலந்தா? பக்கவாட்டுச் செதிலின் முனை மேல்நோக்கிச் சாய்கிறதா, கீழ்நோக்கியா? நடு உடம்பைச் சுற்றி எத்தனை செதில் வரிசை? கவர்ச்சியே இல்லாத கேள்விகள். ஆனால் யார் கேட்டாலும் ஒரே பதில் வரும் கேள்விகள்.

இதன் அருமை தெரிய இலங்கை வரை போகவேண்டாம். சேரப்பணஞ்சேரியில் என் வீட்டுக் காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்திருக்கும் சாதா ஓணான் போதும். காலையில் வைக்கோல் நிறம். வெயில் ஏறினால் வேறு. கோடையில் ஆண் தலையும் கழுத்தும் சிவந்து, தொண்டையில் கறுப்புத் திட்டோடு தண்டால் எடுக்கும். சின்ன வயசில் அது நம் ரத்தத்தைத் தூரத்திலிருந்தே உறிஞ்சுகிறது என்று பயமுறுத்துவார்கள், ஈர்க்குச் சுருக்கோடு பையன்கள் அதைத் துரத்துவதற்கு அது ஒரு சாக்கு. அதன் விஞ்ஞானப் பேரே வெர்சிகலர், பல நிறம் கொண்டது. நிறத்தை வைத்து இனம் காண ஆரம்பித்தால் ஒரே ஓணானை ஒரு நாளில் மூன்று இனமாக எழுதி வைக்கலாம். ஸ்மித் வழியில் போனால் செவிப்பறைக்கு மேலே பாருங்கள்: தனித்தனியாக ரெண்டு இடத்தில் சின்ன முள் இருந்தால் இது. முள்கள் ஒரு வரிசையாகச் சீப்பு மாதிரி நின்றால் அது பச்சை ஓணான், கலோட்டஸ் கலோட்டஸ். நிறம் எப்படியோ மாறிக்கொள்ளட்டும், முள் மாறாது.

அப்படிப்பட்ட வறண்ட கேள்விகளின் உலகத்தில் கொம்பு எப்படி நுழைந்தது? அங்கே அன்றைக்கு ஒரு நியாயம் இருந்தது. ஸ்மித் காலத்தில் கெரட்டோஃபோராவில் மூன்றே இனங்கள். லண்டனில் கிரே 1830-களில் பேர் வைத்த ஸ்டாடர்ட்டி: நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி பக்கத்து மத்திய மலைநாட்டு ஓணான், காண்டாமிருகக் கொம்பு. குந்தர் 1861-ல் பேர் வைத்த டென்னன்ட்டி: நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு மட்டும் சொந்தம், பக்கவாட்டில் தட்டையான இலைக் கொம்பு. இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட்டின் பேர் அதற்கு. அதே குந்தர் 1864-ல் பேர் வைத்த ஆஸ்பெரா: தென்மேற்குத் தாழ்நிலக் காட்டில் சருகுக்குள் வாழும் விரல் நீள ஓணான், சொரசொரப்பான உருளைக் கொம்பு. மூன்று இனம், மூன்று வடிவம். கொம்பைப் பார்த்தால் போதும், வேலை முடிந்தது. யாராக இருந்தாலும் அப்படித்தான் சாவியை எழுதுவார்கள்.

1998-ல் அந்த வசதி போய்விட்டது. ரோஹன் பெத்தியாகொடவும் கெலும் மனமேந்திர ஆரச்சியும் பேரினம் முழுவதையும் மறுபரிசீலனை செய்து, சிங்கராஜ வனத்தின் கிழக்கே மோர்னிங்சைட் பகுதியிலிருந்து ரெண்டு புது இனங்களை அறிவித்தார்கள்: கரு, எர்டலெனி. கருவுக்குக் கொம்பு மிகச் சிறிசு. எர்டலெனிக்கு அதுவும் கிட்டத்தட்ட இல்லை. கெரட்டோஃபோரா என்றால் கிரேக்கத்தில் கொம்பு தாங்கி என்று அர்த்தம். கொம்பு தாங்காத கொம்பு தாங்கி! வழுக்கைத் தலையருக்கு முடியரசன் என்று பேர் வைத்த கதை.

இந்த முரண்பாட்டை ரசித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் சாவியைப் பொறுத்தவரை இது பெரிய ஓட்டை. ஏனென்றால் மற்ற மூன்று இனங்களிலும் கொம்பு எல்லோருக்கும் சமமாக வளர்வதில்லை. ஸ்டாடர்ட்டியின் பெண்ணுக்குச் சின்னது, குஞ்சுகளுக்குத் தேடினாலும் இருக்காது. ஆஸ்பெராவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இன்னும் அதிகம். டென்னன்ட்டியில் பெண்ணுக்கும் உண்டு, ஆனால் ஆணைவிடச் சின்னது. ஆக, கொம்பில்லாத ஒரு ஓணான் உங்கள் கையில் இருந்தால் அது எர்டலெனியாக இருக்கலாம், ஸ்டாடர்ட்டியின் குட்டியாக இருக்கலாம், ஆஸ்பெராவின் பெண்ணாகக்கூட இருக்கலாம். "கொம்பு இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொன்னால், அது "இந்த இனத்துக்குக் கொம்பு இல்லை" என்பதா, "இந்த ஆளுக்கு இன்னும் முளைக்கவில்லை" என்பதா? டேட்டாபேஸ் பழகியவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். காலியாக இருக்கும் கட்டமும் பூஜ்யம் என்று எழுதிய கட்டமும் ஒன்றல்ல. கொம்பை முதலில் கேட்கும் சாவி இந்த ரெண்டையும் ஒன்றாகப் படிக்கிறது.

பழைய வழிகாட்டிகள் மேல் என் முதல் குறை இதுதான். அவை வளர்ந்த ஆணை மனசில் வைத்து எழுதப்பட்டவை. படமும் வளர்ந்த ஆணின் படம்தான். தபால்தலையில் போட்டாலும் அதைத்தான் போடத் தோன்றும், அழகாக இருக்கிறதே. ஆனால் காட்டில் இருப்பதில் பாதி பெண். மீதியில் பாதி குட்டி.

ரெண்டாவது விஷயம் இன்னும் சுவாரசியம். 2002-ல் இந்த ஓணான்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. கொம்பு ஒரே ஒரு முறை தோன்றி எல்லோருக்கும் சொத்தாக வந்ததல்ல, இந்தச் சின்னப் பேரினத்துக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கவேண்டும் என்பது அதன் முடிவு. அதாவது ஸ்டாடர்ட்டியின் கொம்பும் டென்னன்ட்டியின் இலையும் அண்ணன் தம்பி இல்லை, ஒரே தெருவில் ஒரே மாதிரி வீடு கட்டிக்கொண்ட ரெண்டு குடும்பங்கள்.

உலகத்தைச் சுற்றிப் பார்த்தால் இது ஆச்சரியமும் இல்லை. சுமத்ராவில் ஹார்பிசாரஸ் மோடிக்லியானி என்று ஒரு ஓணான், அதற்கும் மூக்கில் கொம்பு. 1891-ல் ஒரே ஒரு மாதிரி கிடைத்தது, 1933-ல் பேர் வைத்தார்கள், அதற்கப்புறம் ஆளையே காணோம். 2018-ல் தோபா ஏரிப் பக்கம் மறுபடி தட்டுப்பட்டது. அந்தப் பக்கம் ஈக்வடாரில் அனோலிஸ் புரோபாசிஸ். அது ஓணான் குடும்பமே இல்லை, ஆணுக்கு மட்டும் வாள் மாதிரி நீண்ட மூக்கு. மூன்று நாட்டு ஆட்கள், ஒரே அலங்காரம். மரத்தில் வாழ்பவனுக்கு எதிராளியையோ துணையையோ கவர மூக்குதான் கைக்கெட்டிய இடம் போலிருக்கிறது (இது என் ஊகம் மட்டும்). இப்படித் திரும்பத் திரும்ப முளைக்கும் ஒன்றை உறவின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் கொம்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். கேள்வியை மாற்றினால் போதும். இருக்கிறதா, எவ்வளவு நீளம், என்ன வடிவம் என்பதெல்லாம் வயசோடும் பாலோடும் மாறும். எதனால் ஆனது என்று கேளுங்கள். ஸ்டாடர்ட்டியின் கொம்பு அடிப்படையில் ஒரே செதில்: மேலுதட்டு நுனியில் நடுவே இருக்கும் செதில் நீண்டு கூர்மையாகியிருக்கிறது. டென்னன்ட்டியின் இலை சதை. மேலே பொடிப்பொடியான செதில்கள் போர்த்தியிருக்கும். ஆஸ்பெராவும் பல செதில் கட்டுமானம்தான், ஆனால் தட்டையாக இல்லாமல் உருண்டையாக, செதில் முனைகள் துருத்திக்கொண்டு நிற்கும். பெண்ணிடம் கொம்பு குட்டையாக இருந்தாலும் ஒற்றைச் செதிலா, பல செதிலா என்பது மாறாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். ஒரு நல்ல மேக்ரோ போட்டோவும் போதும், ஆனால் மூக்கு நுனியைப் பக்கவாட்டில் எடுத்திருக்கவேண்டும். இணையத்தில் சுற்றும் படங்களில் பெரும்பாலானவை முகத்துக்கு நேரே, பின்புலம் மங்கலாக, கண் மட்டும் பளிச்சென்று இருக்கும். படம் பரிசு வாங்கும். இனம் காண ஒன்றுக்கும் உதவாது.

எங்கள் தொழிலில் இதற்குச் சமமான அனுபவம் உண்டு. ஒரு பாகத்தில் வெளிச்சம் பட்டு மினுக்கும் கோட்டைக் கேமரா கீறல் என்று நினைத்துத் தள்ளும். மேற்பரப்பு மினுக்கு லைட்டைப் பொறுத்தது. விட்டத்தை அளந்தால் அது லைட்டைப் பொறுத்ததல்ல. படத்தை வைத்துப் பயிற்சி கொடுத்த செயலிகளில் இந்த நோய் அதிகம். கொம்பு தெரிகிற படங்களையே காட்டி வளர்த்தால், அது கற்றுக்கொள்வது கொம்பை மட்டுமே.

நியாயமாகச் சொன்னால், செயலிகளும் அனுபவசாலிகளும் கொம்பை மட்டும் நம்புவதில்லை. இடத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அது நல்ல தந்திரம். கொம்போணான்கள் மலைக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு வாழ்பவை. நக்கிள்ஸில் எடுத்த படம் என்றால் டென்னன்ட்டி. ஹோர்ட்டன் சமவெளி என்றால் ஸ்டாடர்ட்டி. இறக்குவானை மலைப்பக்கம் என்றால்தான் யோசிக்கவேண்டும். ஊர் பேரைக் கேட்டாலே முக்கால் வேலை முடிந்துவிடும், மூக்கைப் பார்க்கவே வேண்டாம்.

ஆனால் இனம் காண்பது உயிர் போகிற விஷயமாகும் ஒரு சந்தர்ப்பத்தில் இந்தத் தந்திரம் கைவிட்டுவிடும். இந்த ஓணான்கள் வெளிநாட்டில் வளர்ப்புப் பிராணியாக விற்கப்படுபவை. இலங்கையின் 1937-ஆம் வருஷத்துத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவற்றைப் பிடிப்பதையும் கொண்டுபோவதையும் தடுக்கிறது. தடுத்தும் கடத்தல் நடந்தது. அதனால் 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில், இலங்கை இவற்றைச் சேர்க்க வைத்தது. எப்படிச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். டென்னன்ட்டி, கரு, எர்டலெனி மூன்றும் முதல் இணைப்பில்: சர்வதேச வியாபாரமே கூடாது. ஸ்டாடர்ட்டியும் ஆஸ்பெராவும் ரெண்டாம் இணைப்பில்: காட்டில் பிடித்ததை விற்க ஒதுக்கீடு பூஜ்யம், ஆனால் அடைப்பில் பிறந்தது என்ற வாதத்துக்குக் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது. ஒரே பேரினம், ரெண்டு சட்ட நிலை. கோடு இனத்துக்கு இனம் நடுவே ஓடுகிறது.

இப்போது ஏதோ ஒரு ஐரோப்பிய விமான நிலையத்தில் ஒரு பெட்டியைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே துணிப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஓணான். எந்த மலையிலிருந்து வந்தது? கடத்தியவன் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நம்ப முடியாது. ஊர் என்ற துப்பு போய்விட்டது. நிறம்? பயந்துபோன ஓணானின் நிறத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. மிஞ்சியிருப்பது உடம்பு மட்டும். ஸ்மித் 1935-ல் எழுதியபோது நினைத்ததும் அதைத்தான்: முன்னால் மேசையில் ஒரு உடம்பு, கையில் ஒரு லென்ஸ். உயிரோடு காட்டில் பார்ப்பவனுக்கு அந்தப் புத்தகம் எரிச்சல் தரும், கடத்தல் பெட்டியின் முன்னால் நிற்பவனுக்குத்தான் அது எழுதப்பட்டது போலிருக்கும். எண்பது வருஷத்துக்கு அப்புறம் அதற்கு இப்படி ஒரு வாசகன்!

அந்த மேசைக்கு நான் சாவி எழுதினால் இப்படிப் போகும். முதல் கேள்வி காது. செவிப்பறை வெளியே தெரிந்தால் கலோட்டஸ் பக்கம் போங்கள். அங்கேயும் ஜாக்கிரதை, கறுப்பு உதட்டு நைக்ரிலாப்ரிஸும் நக்கிள்ஸ் ஓணான் பெத்தியாகொடாயும் முதல் இணைப்பில் இருப்பவை. வேலியில் போகும் சாதா ஓணான் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. செவிப்பறை மறைந்திருந்தால் இலங்கைக் காட்டின் சிறப்புக் கூட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். இதில் ஒன்றின் பேரே ஒட்டோகிரிப்டிஸ், அதாவது மறைந்த காது. பேர் வைப்பதென்றால் அப்படி வைக்கவேண்டும். சருகு மேல் ரெண்டு காலில் ஓடும் ஓணான், பின்னங்கால் அளவுக்கு மீறி நீளம். பின்னங்காலைப் பார்த்தவுடனே அதைத் தனியே வைத்துவிடலாம்.

அடுத்தது வால். விரலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் வாலும், ஓடு வேய்ந்த மாதிரி பெரிய, சீரற்ற செதில்களும் இருந்தால் அது கோஃபோட்டிஸ். பாசி படர்ந்த கிளையில் நத்தை வேகத்தில் நகரும், முட்டையிடாமல் குட்டி போடும் மலை ஓணான். மத்திய மலைநாட்டில் ஒரு இனம், நக்கிள்ஸில் இன்னொன்று. ரெண்டும் முதல் இணைப்புதான் என்பதால் சுங்க மேசையில் அவற்றை மேலும் பிரிக்கவேண்டிய அவசரம் இல்லை. அப்புறம் புருவம். கண்ணுக்கு மேலே ஓடும் எலும்பு விளிம்பு பின்னால் போய் முள்ளாக முடிந்தால் அது லிரியோசெஃபாலஸ், இலங்கை ஓணான்களில் பெரியது. இதற்கும் மூக்கில் ஒரு உருண்டைக் கட்டி உண்டு, எல்லோரும் அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். குஞ்சிடம் அந்தக் கட்டி இருக்காது. பேரே யாழ்த்தலை என்று தலையின் அமைப்பைத்தான் சொல்கிறது, மூக்கை அல்ல. 1820-ல் பேர் வைத்த மெர்ரமுக்கு ஒரு சபாஷ்.

இதெல்லாம் கழிந்து, காது மறைந்து, பெரிய சிறிய செதில்கள் கலந்த உடம்போடு மிஞ்சுவதுதான் கெரட்டோஃபோரா. இங்கேதான், முதல்முறையாக, மூக்கைப் பாருங்கள். பொடிச்செதில் போர்த்திய தட்டைச் சதையா? டென்னன்ட்டி. பல செதில் துருத்திய உருளையா? ஆஸ்பெரா பக்கம். நன்றாக நீண்ட ஒற்றைக் கூர்செதிலா? ஸ்டாடர்ட்டி. ஒன்றுமே இல்லையா, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சின்னதா? அப்போது இந்தச் சாவி "தெரியவில்லை" என்று சொல்லவேண்டும்.

இந்த மூன்றாவது பதில்தான் அச்சுச் சாவிகளில் நான் தேடித் தேடிக் காணாதது. ரெண்டு பதில்தான் என்று விதி வைத்தால் படிப்பவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும், தேர்ந்தெடுத்த பிறகு அடுத்தடுத்த வரிகள் சந்தேகமே இல்லாமல் ஒரு பேரைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். தொடக்கத்தில் இருந்த தயக்கம் முடிவில் எங்கும் பதிவாகியிருக்காது. தொழிற்சாலையில் ஓகே தட்டு, என்ஜி தட்டு தவிர மூன்றாவதாக ஹோல்ட் தட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். மெஷினுக்குச் சந்தேகம் வந்த பாகம் அதில் விழும், மனுஷன் வந்து பார்ப்பான். பார்க்கும்வரை அது கெட்ட பாகத்தோடு சேர்த்தி, நல்லதோடு அல்ல. கொம்பில்லாத கெரட்டோஃபோராவுக்கும் அதே மரியாதை வேண்டும்: நிபுணர் வந்து பார்க்கும்வரை முதல் இணைப்பு என்றே நடத்தவேண்டும். ஸ்டாடர்ட்டியின் குட்டியை எர்டலெனி என்று நினைத்துத் தடுத்து வைத்தால் பெரிய நஷ்டம் இல்லை. எர்டலெனியை ஸ்டாடர்ட்டியின் குட்டி என்று நினைத்து விட்டுவிட்டால், மோர்னிங்சைட் சுற்றுவட்டாரத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத ஒரு இனத்தில் சில உயிர்கள் குறைந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் போட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்கலாம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் இனங்களையும் சேர்த்துப் பட்டியலிட அந்த ஒப்பந்தத்திலேயே இடம் உண்டு. அதிலும் 2020-ல், பட்டியல் போட்ட அடுத்த வருஷமே, இலங்கையின் தாழ்நில மழைக்காடு ஒன்றிலிருந்து ஆறாவது இனமாக கெரட்டோஃபோரா உக்குவெலாய் வந்து நின்றது. 2019-ல் ஜெனீவாவில் கூடியவர்கள் கேட்டிருக்கவே முடியாத பேர். இனங்களின் பேரைத் தனித்தனியாக எழுதி வைக்கும் பட்டியலுக்கும், இனங்களைத் தொடர்ந்து பிரித்துக்கொண்டே போகும் விஞ்ஞானத்துக்கும் இடையே இந்த இடைவெளி இருந்துகொண்டே இருக்கும்.

உடம்பை மட்டும் பார்ப்பதற்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லவேண்டும். என் காம்பவுண்டு சுவர் ஓணானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மித்துக்கு அது மேற்கே ஈரான் பக்கத்திலிருந்து கிழக்கே தென்கிழக்காசியா வரை பரவிய ஒரே இனம். டோடான் 1802-ல் பேர் வைத்தபோது பார்த்த மாதிரி பிற்பாடு காணாமல் போய்விட்டது. மாஸ்டர் சாம்பிள் தொலைந்துபோன தொழிற்சாலை மாதிரி, எதோடு ஒப்பிட்டு ஓகே சொல்வது? 2021-ல் வந்த ஆய்வு டிஎன்ஏவையும் உடம்பையும் சேர்த்துப் பார்த்து அந்த ஒற்றை இனத்தை நான்காகப் பிரித்தது. வெர்சிகலர் என்ற பழைய பேர் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதற்கு நிலைத்தது, புது மாஸ்டர் சாம்பிள் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. நமக்கு ரெண்டரை மணி நேரப் பயணம்! வட, கிழக்கிந்தியப் பக்கத்தில் இருப்பது வல்டுவோசஸ், பாகிஸ்தான் பக்கத்தில் ஃபாரூக்கி, பர்மா பக்கத்தில் இரவாடி. ரெண்டு நூற்றாண்டு எல்லோரும் தினம் பார்த்த ஓணானிலேயே இவ்வளவு ஒளிந்திருந்தது. காதோர முள்ளும் செதில் எண்ணிக்கையும் இந்த எல்லைகளைத் தனியாக வரைந்திருக்க முடியாது. வரைந்த பிறகு, கையில் இருக்கும் ஒன்று எந்தப் பக்கம் என்று பார்க்க அவைதான் மறுபடி தேவைப்படுகின்றன.

அதனால் படம் எடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நக்கிள்ஸ் போனாலும் சரி, வால்பாறை போனாலும் சரி. முகத்தழகுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே காதோரம் ஒன்று, விலாச் செதில் ஒன்று, மூக்கு நுனி பக்கவாட்டில் ஒன்று. பெண்ணையும் குட்டியையும் பார்த்தால் "கொம்பில்லையே" என்று கேமராவைத் திருப்பாமல் அதே நாலு படம் எடுங்கள். ஓணானைத் தொடவேண்டாம். பொதுவில் போடும்போது சரியான இடத்தைப் போடவேண்டாம், மலையின் பேர் போதும். பெட்டியோடு வருபவனும் அதே படங்களைத்தான் பார்க்கிறான்.

அடுத்த குறிப்பு அந்தமானில் இருக்கும் கோரிஃபோஃபைலாக்ஸ் பற்றி. ரொம்ப நாளாக ஒன்றாகவே இருந்த அந்தப் பேரினத்தில் 2012-ல் ரெண்டாவது இனம் ஒன்றைப் பிரித்து, பிரெவிகாடஸ், குட்டைவாலன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வால் பாதியில் ஒடிந்த ஒன்று கிடைத்தால் என்ன செய்வது என்று அந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.